மூன்றாம் வட்டத்தை விட்டுப் போனவள்

அந்தக் காலத்தில் கோள்களுக்கெல்லாம் வாய் இருந்தது. இருந்த வாயை அவர்கள் பெரும்பாலும் குறை சொல்லத்தான் பயன்படுத்தினார்கள். சுடுகிறது என்று ஒருவர், குளிருகிறது என்று இன்னொருவர், பின்னால் நிற்பவர் இடிக்கிறார் என்று மூன்றாமவர். சூரியன் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தார். அவரைச் சுற்றிக் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குப் புழுதி. அந்தப் புழுதிக்குள் எட்டுப் பேரும் முட்டிக்கொண்டு மோதிக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சூரியனுக்கே தலைவலி வந்துவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க. ஒரு தடவைதான் சொல்லுவேன்" என்றார். "சும்மா நின்னீங்கன்னா நேரா என்மேல வந்து விழுந்து கருகிப் போவீங்க. அதனால ஆளுக்கு ஒரு வட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னைச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்கணும். இந்தப் புழுதி அடங்குற வரைக்கும் வட்டம் மாத்திக்கலாம். அடங்கின பிறகு எவன் எந்த வட்டத்துல இருக்கானோ அங்கதான். அப்புறம் அழுதுக்கிட்டு என்கிட்ட வராதீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீரைத் தள்ளித் தள்ளி நீந்துகிற மாதிரி, புழுதியைக் கையால் தள்ளித்தான் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குத் தாண்ட முடியும். புழுதியே இல்லாத வெறும் வெளியில் எதைத் தள்ளுவது?

இடம் பிடிக்க முதலில் வந்தவள் செவ்வாய். இந்தப் பெயர் அவளுக்குப் பிறகுதான் வந்தது. கதை சொல்ல வசதியாக நாம் இப்போதே அப்படிக் கூப்பிடுவோம். அப்போது அவள் சிவப்பாக இல்லை. இரும்பு உடம்புக்காரி, தேய்த்துக் கவிழ்த்த இரும்புச் சட்டி போலக் கருகருவென்று மின்னுவாள். அவள் இடுப்பில் ஒரு பெரிய குடம். அதில் ஒரு கடல் முழுக்கத் தண்ணீர். மற்றவர்கள் யாரும் தண்ணீர் கொண்டுவரும் அளவுக்கு யோசிக்கவில்லை. யோசித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் குடத்தைக் காப்பாற்றும் பாடும் அவளுடையதே ஆயிற்று.

வந்தவள் முதல் வட்டத்தில் ஓடிப் பார்த்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இரண்டாவதில் பார்த்தாள், ஆவி பறந்தது. நான்காவதில் விளிம்பெல்லாம் பனிக்கட்டி கட்டியது. மூன்றாவதில் மட்டும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. குடத்தில் மெல்ல அலையடித்தது. "இதுதான் என் இடம்" என்று முடிவு செய்து ஓட ஆரம்பித்தாள். அத்துடன் அவள் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

டொக்!

ஒரு கல் வந்து குடத்தில் பட்டது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அடுத்த சுற்றில் மறுபடி டொக். குடம் நசுங்கியது. மூன்றாவது முறை பட்டபோது குடத்தின் கழுத்தில் முடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்துவிட்டது.

கற்கள் எங்கிருந்து வருகின்றன என்று புழுதிக்குள் உற்றுப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்காவது வட்டத்துக்கு அப்பால், ஒரு முழு வட்டத்தையே வளைத்துக் கற்களை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். குழாயடியில் குடம் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். ஆள் வரவில்லை, கல் வந்திருக்கிறது. அங்கே கிடந்த ஆயிரக்கணக்கான கற்களும் ஒன்றோடொன்று மோதித் தெறித்து, உள்ளே ஓடுகிறவர்கள் மேல் விழுந்துகொண்டிருந்தன.

செவ்வாய்க்கு இந்தக் கல் வைக்கிற பழக்கமே பிடிக்காது. வரிசையில் நிற்க ஆசை இருந்தால் வந்து நிற்க வேண்டும். அவசரமாகப் போக வேண்டியிருந்தால் பின்னால் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுதானே முறை? கல்லுக்கு என்ன வெயில் அடிக்கிறது, கல்லுக்கு என்ன குளிர்கிறது?

"யாரு வெச்ச கல்லு இது?" என்று கத்தினாள்.

உள் வட்டத்தில் புதன் ஓடிக்கொண்டிருந்தார். எட்டுப் பேரில் சின்னவர், ஓட்டத்தில் எல்லோரையும் விட வேகம். எண்பத்தெட்டே நாளில் ஒரு சுற்று முடித்துவிடுவார். அவரிடம் பேசுவது லேசான காரியம் இல்லை.

"ஏங்க, இந்தக் கல்லு உங்க மேலயும் விழுதா?" என்று கேட்டாள். பதில் வருவதற்குள் ஆள் அந்தப் பக்கம் போய்விட்டார். அடுத்த சுற்றில் வந்து, "விழுது, விழுது! முகமெல்லாம் பள்ளம் பாரு!" என்றார்.

"அப்ப வாங்க, சேர்ந்து போய்க் கேப்போம்."

போய்விட்டார். எண்பத்தெட்டு நாள் காத்திருந்தாள். வந்தார். "எனக்கு நேரமே இல்லம்மா!" என்று சொல்லிவிட்டு மறுபடி போய்விட்டார்.

இரண்டாவது வட்டத்தில் வெள்ளி. அழகிதான், மறுக்க முடியாது. ஆனால் கம்பளிக்கு மேல் கம்பளியாக வெள்ளை மேகத்தைத் தலையிலிருந்து கால்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஐயோ புழுங்குதே, வெந்து சாகறேனே" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். புதனுக்கு அடுத்து இருந்தாலும் புதனை விட அவள் மேல்தான் அதிகமாகக் கொதித்தது.

"அந்தப் போர்வையை எடுத்தா என்ன?" என்றாள் செவ்வாய்.

"எடுத்தா மேனி கருத்துடும்க்கா."

"சரி, அது போகட்டும். உன்மேல கல்லு விழுதா இல்லையா?"

"போர்வையிலயே எரிஞ்சு போயிடுது. எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லி வெள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் இடமிருந்து வலமாகத் தம்மைத் தாமே சுற்றினால் அவள் மட்டும் வலமிருந்து இடமாகச் சுற்றுவாள். அதையும் எவ்வளவு மெதுவாகச் சுற்றுவாள் தெரியுமா? அவள் முகம் திரும்பி வருவதற்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும் என்று செவ்வாய் விட்டுவிட்டாள்.

எல்லோருக்கும் அடி விழுகிறது, யாரும் போய்க் கேட்க மாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை. "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குவதற்கு மட்டும் அத்தனை ஒற்றுமை! செவ்வாய்க்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. குடத்தின் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். இன்னும் இரண்டு அடி விழுந்தால் கடல் மொத்தமும் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பூமி வந்து சேர்ந்தாள். வருகிற வழியில் யாரோ ஒரு முரடன் அவள்மேல் மோதிவிட்டுப் போயிருந்தான். உடம்பெல்லாம் வெந்து புகைந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மோதிய வேகத்தில் பிய்ந்து வந்த துண்டு ஒன்று உருண்டு திரண்டு நிலாவாகி, அவள் பக்கத்தை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் எங்கக்கா நிக்கட்டும்?"

"எனக்குப் பின்னாடி நாலாவது காலியா இருக்கு. அங்க நில்லு" என்றவள், ஏதோ தோன்றிச் சட்டென்று நின்றாள். "இரு இரு. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. நான் வெளிய போய் அந்தக் கல்லுக்காரனை ஒரு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் என் இடத்துல நின்னு பாத்துக்க. இந்தக் குடத்தையும் வெச்சுக்க. இதைச் சுமந்துக்கிட்டுச் சண்டை போட முடியாது."

பூமி குடத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். "நீங்க வர லேட்டாச்சுன்னா?"

"கல்லை எடுடான்னு சொல்லிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"புழுதி வேற மெலிஞ்சுக்கிட்டே இருக்கேக்கா. விட்டுடுங்களேன்."

"எல்லாரும் விட்டுடுங்க, விட்டுடுங்கன்னு சொல்லித்தான் அவன் ஒரு வட்டத்தையே வளைச்சுப் போட்டிருக்கான்" என்று சீறிவிட்டு, வழிக்குக் குடிக்க ஒரு சின்ன வாளியில் மட்டும் தண்ணீர் மொண்டுகொண்டு செவ்வாய் புழுதிக்குள் இறங்கினாள்.

கல் வட்டத்தைத் தாண்டுவதற்குள் முழங்காலில் நாலு அடி, முதுகில் இரண்டு. தாண்டியதும் எதிரே வியாழன். மற்ற எல்லோரையும் சேர்த்துக் கட்டினாலும் அவருக்குப் பாதி வராது, அவ்வளவு பெரிய உடம்பு. சுற்றிலும் உறவுக்காரக் கூட்டம் மாதிரி எத்தனையோ நிலாக்கள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பத்தே மணி நேரத்தில் தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அதனால் அவருடன் பேசும்போது பாதிப் பேச்சில் முகம் போய் முதுகு வந்துவிடும்.

"அட, வா தங்கச்சி, வா! சாப்பிட்டியா?"

"சாப்பாடு இருக்கட்டும்ண்ணே. அங்க கிடக்கிற கல்லெல்லாம் யாரு வெச்சது?"

"கல்லா? எந்தக் கல்லு?"

கண்ணுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, எந்தக் கல் என்று கேட்கிறார். செவ்வாய் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினாள்.

"ஓ, அதுவா! அது சனி ஏதோ சொன்னாப்ல. அவரை ஒரு வார்த்தை கேட்டுடேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார் வியாழன்.

சரி என்று சனியிடம் போனாள். தூரம் என்றால் அப்படி ஒரு தூரம். போய்ச் சேர்ந்தால், சனி பனிக்கட்டித் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் இடுப்பைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்! வளையத்தை மிதிச்சுடாதீங்க. இந்த ஓரம் மட்டும் முடிச்சுக்கறேன்" என்றார். அந்த ஓரம் முடிந்ததும் அடுத்த ஓரம் தொடங்கினார். செவ்வாய் தொண்டையைச் செருமினாள். இருமினாள். கடைசியில் கையைத் தட்டினாள்.

"கல்லுங்களா? நான் வைக்கலீங்களே. எனக்கு இந்த அடுக்கற வேலையே சரியா இருக்கு. யுரேனஸ் இடம் வேணும்னு முனகிக்கிட்டு இருந்த மாதிரி ஞாபகம். எதுக்கும் அவரைக் கேட்டுப் பாருங்க."

யுரேனஸ் படுத்திருந்தார். வரிசை எப்போது நகருமோ என்று சலித்துப்போய் ஒருக்களித்துப் படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடியேதான் சூரியனை உருண்டு உருண்டு சுற்றிக்கொண்டிருந்தார். உடம்பு குளிரில் வெளிறி நீலம் பூத்திருந்தது.

"ஐயா, கொஞ்சம் எந்திரிச்சுப் பேசறீங்களா?"

"படுத்துக்கிட்டே காது கேக்கும்மா. சொல்லு."

சொன்னாள். அவர் கொட்டாவி விட்டார். "எனக்கு எதுக்கு இன்னொரு இடம்? இருக்கிற இடத்துலயே உக்கார முடியல. நெப்டியூனா இருக்கும். கடைசியில நிக்கிறவனுக்குத்தானே முன்னாடி வர ஆசை இருக்கும்."

இதற்குள் செவ்வாய்க்கு உச்சந்தலை வரை கொதித்தது. இவரைக் கேள், அவரைக் கேள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டியே அவளைக் கடைசி வட்டம் வரைக்கும் துரத்திவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, விஷயம் தெரியாமல் திரும்புவதாவது? கடைசி ஆளையும் கேட்டுவிட்டே போவது என்று கிளம்பினாள்.

நெப்டியூன் கருநீலம். அவரைச் சுற்றி ஓயாமல் சூறைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கேள்வியை ஏழு தடவை கத்த வேண்டியிருந்தது.

"இடமா? எனக்கா?" என்றார் அவர். "எனக்கு இங்கேயே பழகிப்போச்சு தாயி. ஒரு சுத்துச் சுத்தவே நூத்தி அறுபத்தஞ்சு வருஷம் ஆகுது. சூரியன் ஏதோ பொட்டு மாதிரி தெரியறார், அவ்வளவுதான். நான் யார்கிட்டயும் இடம் கேக்கல. எனக்காக யாரும் கல்லும் வைக்கல." பிறகு தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். "நீ எங்கிருந்து வர்ற?"

"மூணாவது வட்டம்."

"அடப் பாவமே. இங்க புழுதி எவ்வளவு மெலிஞ்சு போச்சு பாரு. நேத்து வரைக்கும் எனக்கு ஒரு நட்சத்திரம் தெரியாது. இன்னிக்கு எண்ண முடியல. சீக்கிரம் ஓடு தாயி."

அந்த வரிசையிலேயே உருப்படியாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். செவ்வாய் நிமிர்ந்து பார்த்தாள். நட்சத்திரங்கள். திரும்பி ஓட ஆரம்பித்தாள்.

யுரேனஸைத் தாண்டினாள், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சனியைத் தாண்டினாள், "வளையம், வளையம்!" என்று அவர் அலறினார். வியாழன் வந்தபோது மூச்சு வாங்கியது. நேரம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அவரைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

"மூணு பேரையும் கேட்டுட்டேன்ண்ணே. யாரும் வைக்கலையாம்."

"அப்படியா சொன்னாங்க?" வியாழனுடைய முகம் மெதுவாகச் சுற்றி வந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. "சரி தங்கச்சி. உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. நான்தான் வெச்சேன்."

"யாருக்கு?"

"யாருக்குன்னு குறிப்பா இல்ல. யாராவது வருவாங்கல்ல? வந்தவங்களுக்கு இடம் இல்லைன்னு சொல்லக் கூடாது பாரு."

வராத விருந்தாளிக்காக ஒரு முழு வட்டம்! அதற்காக அவள் குடம் நசுங்க வேண்டும், புதன் முகம் பள்ளமாக வேண்டும், அவள் நெப்டியூன் வரைக்கும் நடையாய் நடக்க வேண்டும்! கையை நீட்டி அவர் வயிற்றில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். குத்திய இடம் சிவந்து சுழன்றது. வியாழனுக்கு அது உறைத்த மாதிரியே தெரியவில்லை.

"இப்பவே கல்லை எடுங்க."

"எடுத்துடலாம், எடுத்துடலாம். நாளைக்கு ஆளை விட்டு எடுத்துடறேன்."

இவரிடம் பேசிப் பயனில்லை, நேராகச் சூரியனிடமே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சாட்சி வேண்டுமே? கல் வட்டத்தைத் தாண்டும்போது உருளைக்கிழங்கு மாதிரி இருந்த இரண்டு கற்களைப் பிடுங்கி இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டாள். அவற்றைப் பிடுங்கியதும் பக்கத்துக் கற்கள் சரிந்தன. ஒன்று வாளியில் பட்டு, உள்ளே இருந்த தண்ணீரில் முக்கால்வாசி அவள் மேலேயே கொட்டிவிட்டது. உடம்பெல்லாம் தண்ணீர் ஓடி ஓடித் தடம் விழுந்தது. துடைக்க நேரம் இல்லை. ஓடினாள்.

நான்காவது வட்டத்துக்கு வந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வட்டம்தான். அந்தப் பக்கம் பூமி குடத்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறுகையை எட்டின மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, சீக்கிரம்! காலடியில புழுதியே இல்லக்கா, சீக்கிரம் வாங்க!"

செவ்வாயும் கையை நீட்டினாள். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் கொஞ்ச இடம்தான் இருந்தது.

அப்போது பின்னால், வெகு தூரத்திலிருந்து, வியாழனின் குரல் கேட்டது. கோபமே இல்லாத, குழையக் குழையப் பேசுகிற அதே குரல்.

"கோவிச்சுக்காதே தங்கச்சி! வெறும் கல்லுதானே!"

செவ்வாய் நின்றாள்.

நின்றிருக்கக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். பூமி, "வேணாம்க்கா, திரும்பாதீங்க" என்று கெஞ்சியதும் அவள் காதில் விழுந்தது. ஆனால் உடம்பில் ஒவ்வொரு இரும்புத் துகளும் திரும்பு திரும்பு என்றது. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள்.

"வெறும் கல்லா? வெறும் கல்லாய்யா அது?" என்று ஆரம்பித்தாள்.

ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமா அது? முதல் அடி விழுந்ததிலிருந்து சொன்னாள். புதனுடைய ஓட்டத்தைச் சொன்னாள், வெள்ளியின் போர்வையைச் சொன்னாள், சனியின் அடுக்கலையும் யுரேனஸின் கொட்டாவியையும் சொன்னாள். வியாழனுடைய உடம்பையும், அந்த உடம்புக்குள் மனசாட்சி என்று ஒன்று இருக்க எத்தனை இடம் இருக்கிறது என்பதையும், இருந்தும் அது இல்லாததையும் விலாவாரியாகச் சொன்னாள். அத்தனையும் உண்மை. ஒரு சொல்லைக் கூடத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லி முடித்தபோது மனசு லேசாக இருந்தது.

திரும்பினாள். கையை வீசிப் புழுதியைத் தள்ளினாள். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. மறுபடி வீசினாள். சுற்றிலும் கண்ணாடி மாதிரித் தெளிந்த இருட்டு. புதனிலிருந்து நெப்டியூன் வரைக்கும் எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் அப்போதுதான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தார்கள். புழுதி அடங்கிவிட்டது.

"அக்கா!" என்று பூமி கத்தினாள். நான்காவது வட்டத்தில் செவ்வாயின் கால்கள் தாமாக ஓட ஆரம்பித்திருந்தன. நிறுத்த முடியவில்லை. உள்ளே போகவும் முடியவில்லை.

"ஐயா!" என்று சூரியனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மூணாவது என் இடம். நான் சொல்லிட்டுத்தான் போனேன். இவளையே கேளுங்க."

"ஆமாங்கய்யா, அவங்க இடம்தான். நான் சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று பூமி அழுதாள்.

சூரியன் பெருமூச்சு விட்டார். "நீ சொல்றது நிஜம்தாம்மா. யாரு இல்லைன்னா? ஆனா என்ன பண்ணச் சொல்ற? உன்னை ஒரு வட்டம் உள்ள இழுத்தேன்னா அவ மேல மோதுவ. அவளை நகர்த்தினா வெள்ளி மேல மோதுவா. கடைசியில எல்லாரும் வந்து என்மேல விழுவீங்க. புழுதி அடங்கினா அவ்வளவுதான்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"அந்தக் கல்லு? அதுக்காவது ஒரு வழி பண்ணுங்க. இதோ சாட்சி" என்று அக்குளில் இருந்த இரண்டு கற்களையும் எடுத்துக் காட்டினாள்.

சூரியன் அவற்றைப் பார்த்தார். கல் வட்டத்தைப் பார்த்தார். வியாழனைப் பார்த்தார். வியாழன் பார்க்கவில்லை, அவர் முதுகைத் திருப்பும் நேரம் அது.

"வெச்சவங்கதான் எடுக்கணும்" என்றார் சூரியன்.

செவ்வாய் அந்த இரண்டு கற்களையும் கைவிட்டாள். அவை கீழே விழ இடம் இல்லாமல் அவளையே சுற்ற ஆரம்பித்தன. வாளியின் அடியில் தங்கியிருந்த கொஞ்சம் தண்ணீர் கட்டியாக உறைந்துபோயிருந்தது. அதைத் தலையில் ஒரு துண்டும் காலில் ஒரு துண்டுமாக வைத்துக்கொண்டாள். உடம்பில் கொட்டிய தண்ணீர் காய்ந்து, அது ஓடிய தடம் மட்டும் வறண்டு கிடந்தது. ஈரம் பட்ட இரும்பு என்னாகும்? கணுக்காலில் தொடங்கிய துரு முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறி நெற்றி வரைக்கும் வந்தது. கோபத்தில் சிவந்துவிட்டாள் என்று வெள்ளி இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள். கோபம் இருந்தது உண்மைதான், ஆனால் சிவப்பு துருவினால் வந்தது.

பூமி இன்னும் அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, தண்ணியையாவது தூக்கிப் போடறேன், பிடிச்சுக்கறீங்களா?"

"கொட்டிடுவ. சும்மா இரு."

"இல்லக்கா, மெதுவா..."

"சொன்னா கேக்க மாட்டியா? இங்க வந்தா உறைஞ்சு போகும். அது அங்கதான் இருக்கணும். அதுக்குத்தானே அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சேன்." செவ்வாயின் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே அதற்காகவும் எரிச்சல் பட்டுக்கொண்டாள். "அழுதது போதும். நல்லா கேட்டுக்க. கழுத்துல ஒரு கீறல் இருக்கு, அந்தப் பக்கம் சாய்க்காதே. ரொம்பச் சூடாக விடாதே. கண்டதையும் அதுல போட்டுக் கலக்காதே. உன்கூட யாராவது வந்து குடியிருந்தா அவங்ககிட்டயும் சொல்லி வை."

"சரிக்கா."

"எல்லாத்துக்கும் சரி சரிம்பீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே செவ்வாய் தன் வட்டத்தில் ஓடிப் போனாள்.

வெந்து கிடந்த பூமி அந்தத் தண்ணீரை மேலெல்லாம் ஊற்றிக்கொண்டு நீலமானாள். பிறகு அதில் என்னென்னவோ முளைத்தது, நீந்தியது, கரையேறியது, கடைசியில் நாமும் வந்து சேர்ந்தோம். வியாழன் நாளைக்கு எடுக்கிறேன் என்று சொன்ன கற்கள் அவருக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. யாருக்காக வைத்தாரோ அவர்களில் ஒருவரும் இதுவரை வரவில்லை.

பூமியின் வட்டம் சின்னது, ஓட்டமும் வேகம். அதனால் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆனால் அவள் செவ்வாயை எட்டிப் பிடித்துப் பக்கத்தில் வந்து தாண்டிப் போவாள். அப்படி வருகிற சமயத்தில் வானத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நேராகப் போய்க்கொண்டிருந்த அந்தச் சிவப்புப் புள்ளி திடீரென்று நிற்கும். இரண்டு மாதம் போல வந்த வழியே பின்னோக்கி நடக்கும். மறுபடியும் ஒரு முறை நின்று, பிறகுதான் தன் வழியே போகும். பூமி ஓடுகிற ஓட்டத்தில் அப்படித் தெரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள், அதுவும் சரிதான். ஆனால் அன்று முதல்தான் செவ்வாய், பூமி பக்கத்தில் வரும்போதெல்லாம் போகிற போக்கில் நின்று, திரும்பி நடந்து, தன் தண்ணீர் இன்னும் தண்ணீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள்.